விளாங்குடி மாடியிலிருந்து

மதுரைக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகவேண்டிய இடங்கள் என்று ஒரு ஜாபிதா இருக்கிறது. மீனாக்ஷியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மஹால், வண்டியூர்த் தெப்பக்குளம், திருப்பரங்குன்றம், அழகர் மலை என்று அது நீண்டுகொண்டே போகும். எத்தனை நீண்டாலும் அதில் விளாங்குடி வராது. வரவேண்டிய நியாயமும் இல்லையென்றுதான் சென்ற மாதம் வரையில் நாமும் எண்ணியிருந்தோம்.

வைகையைத் தாண்டித் திண்டுக்கல் சாலையில் வடமேற்கே போனால், பாத்திமா கல்லூரியை ஒட்டி விளாங்குடி ஆரம்பமாகிறது. 1953ல் தொடங்கிய அந்தப் பெண்கள் கல்லூரிதான் இந்தப் பக்கத்துக்கு வெளியுலகில் ஒரு முகவரி கொடுத்தது எனலாம். இன்னும் கொஞ்ச தூரம் போனால் பரவை. ஒரு பக்கம் ரயில் பாதையும் கூடல்நகர் ஸ்டேஷனும். பெயரைக் கேட்டால் விளாமரங்கள் நிறைந்த ஊர் என்று தோன்றும். நாம் தேடிய வரையில் ஒரு விளாமரமும் அகப்படவில்லை. ஒரு காலத்தில் நெல் வயலும் கண்மாயுமாக இருந்த கிராமம் பேரூராட்சியாகிப் பிறகு 2011ல் மதுரை மாநகராட்சியோடு ஐக்கியமாகிவிட்டது. வயல் இருந்த இடத்தில் வீடு, வீடு இருந்த இடத்தில் அடுக்கு மாளிகை என்று ஊர் மேல்நோக்கி வளர்ந்துகொண்டிருக்கிறது.

நாம் அங்கே போனது க்ஷேத்திராடனத்துக்கு அல்ல. தூது போனோம். நமது அத்தை ஒருத்தி விளாங்குடியில் தனியாக இருக்கிறாள். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவளுடைய குமாரர் அமெரிக்காவில் நியூஜெர்ஸியில் இருக்கிறார். வீட்டை இடித்து அடுக்கு மாளிகை கட்டுவதற்கு ஒருவர் நல்ல விலை கேட்கிறார் என்றும், அத்தையைச் சென்னையில் சகல வசதிகளும் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்திருப்பதாகவும், அத்தையிடம் சொல்லிச் சம்மதிக்கச் செய்ய நம்மைவிடத் தகுந்த ஆள் கிடையாது என்றும் டெலிபோனில் நம்மைப் புகழ்ந்தார். புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? புறப்பட்டு விட்டோம்.

அத்தை காப்பி கொடுத்தாள். ஊர் விஷயம், உறவு விஷயம் எல்லாம் விசாரித்தாள். நாம் வந்த விஷயத்தை ஆரம்பிக்கலாமென்று தொண்டையைக் கனைத்தபோது, "மொட்டை மாடிக்குப் போய் அந்தக் கம்பி சாய்ஞ்சிருக்கான்னு பாத்துட்டு வாப்பா. நேத்து ராத்திரி காத்து பலமா இருந்தது" என்றாள்.

மாடியில் போய்ப் பார்த்தோம். கம்பி என்று அத்தை சொன்னது டெலிவிஷன் ஆண்டெனாவை. நேயர்களில் இளம் வயதினர் பலர் இந்த வஸ்துவைப் பார்த்திருக்க மாட்டார்கள். பெரிய மீனொன்றைத் தின்றுவிட்டு முள்ளை மட்டும் இரும்புக் குழாயின் உச்சியில் நட்டுவைத்தது போல் இருக்கும். 1980களில் தமிழ்நாட்டு வீட்டு மாடிகளில் துளசி மாடத்துக்கு அடுத்தபடியாகப் பக்தி சிரத்தையுடன் பராமரிக்கப்பட்ட பொருள் அதுதான். அத்தை வீட்டு முள்ளில் பாதி குழாய்கள் உதிர்ந்துவிட்டன. மிச்சமுள்ளதில் இரண்டு காக்கைகள் உட்கார்ந்திருந்தன. ஆனால் குழாய் சாயவில்லை. முன்போலவே வடமேற்கே கோடைக்கானல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அந்த மாடியிலிருந்து தெரியும் காட்சியை ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. தென்மேற்கில் நாகமலை, பெயருக்கு ஏற்றாற்போல் நீண்டு படுத்திருக்கிறது. கிழக்கே யானைமலை. வடக்கில் புகைபோலச் சிறுமலை. மழை பெய்து வானம் கழுவிவிட்ட நாளில் வடமேற்கு மூலையில், இவை எல்லாவற்றுக்கும் பின்னால், பழனி மலைத் தொடர் ஒரு நீலக் கோடாகத் தெரியும். கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடி உயரம். அதன் மேல் நட்ட கோபுரத்திலிருந்து எழும் ஒளிபரப்புக்கு மதுரைச் சீமை முழுவதும் நேர் பார்வையில் விழுந்துவிடும். தென் தமிழ்நாட்டுக்கு டெலிவிஷன் கொடுக்க நினைத்தவர்கள் கோடைக்கானலைத் தேர்ந்தெடுத்த காரணம் இந்த மாடியில் நின்றால் எந்தக் குழந்தைக்கும் விளங்கும்.

ஆனால் இந்த வீட்டுக்கு டெலிவிஷன் வந்தது கோடைக்கானல் கோபுரத்துக்கு முன்னாலேயே.

*

இந்தியாவில் டெலிவிஷன் 1959ம் வருஷம் செப்டம்பர் 15ந் தேதி டில்லியில் பரீக்ஷார்த்தமாகத் தொடங்கிற்று. சென்னைக்கு 1975ம் வருஷம் சுதந்திர தினத்தன்று வந்து சேர்ந்தது. சென்னைக்கு வந்தால் மதுரைக்கு வந்ததாக ஆகுமா? சென்னைக்காரர்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லக் கேட்டுப் பத்து வருஷம் போல மதுரைக்காரர்கள் காத்திருந்தார்கள். 1983 ஆகஸ்டில் அமெரிக்க விண்வெளி ஓடமான 'சாலஞ்சர்' நமது இன்ஸாட் 1பி என்ற செயற்கைக் கோளைத் தூக்கிக்கொண்டு போய் ஆகாயத்தில் விட்டது. அந்தக் கோளைச் செய்து கொடுத்ததும் அமெரிக்காவின் போர்டு கம்பெனியைச் சேர்ந்த ஒரு ஸ்தாபனந்தான். அதன் பிறகுதான் ஊர் ஊராகச் சிறு சக்தி நிலையங்கள் மளமளவென்று முளைத்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆகாயத்திலிருந்து டில்லி அனுப்பியதை வாங்கிக் கொடுத்தனவே யொழியச் சென்னை நிகழ்ச்சிகளைக் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருக்க, கங்கையிலிருந்து குழாய் போட்ட கதைதான்.

மாமா ரயில்வேயில் குமாஸ்தா. கதர்தான் உடுத்துவார். 1918ல் காந்தியடிகள் தோற்றுவித்த தக்ஷிண பாரத ஹிந்தி பிரசார சபையின் பரீக்ஷைகளில் 'ராஷ்டிரபாஷா' வரையில் தேறியவர். 1985ல் பிராவிடண்டு பண்டிலிருந்து கடன் வாங்கிச் சென்னையில் தயாரான 'டயனோரா' பெட்டி ஒன்றைக் கறுப்பு வெள்ளையில் வாங்கினார். மரத்தால் செய்த பெட்டி. முன்புறம் இழுத்து மூடும் கதவு உண்டு. பூட்டும் உண்டு. தெருவில் அதுதான் முதல் பெட்டி. காசு வாங்கிக்கொண்டு காட்டிய வீடுகளும் அந்தக் காலத்தில் இருந்தன. மாமா காசு வாங்கவில்லை. முன் கூடத்தில் ஜமக்காளம் விரித்தார். முப்பது பேர் உட்காருவார்கள்.

அந்த முப்பது பேரும் எதைப் பார்த்தார்கள்? ஹிந்தி நாடகத்தை! 1965 ஜனவரி 25ந் தேதி ஹிந்தியை எதிர்த்துக் கிளர்ந்த போராட்டத்தில் கலவரம் மூண்ட நகரம் மதுரை. அதே மதுரையில் இருபது வருஷம் கழித்து ஜனங்கள் ஒரு வார்த்தை புரியாத ஹிந்திக் கதைக்கு முன்னால் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்றால், வருங்காலத்துச் சரித்திர ஆசிரியர்கள் நம்புவது கஷ்டம். ஆனால் நடந்தது அதுதான்.

அந்த நாடகம் 'ஹம் லோக்'. 1984 ஜூலை 7ந் தேதி ஆரம்பித்து 1985 டிசம்பர் வரையில், நூற்றைம்பது பகுதிகளுக்கு மேல் நடந்தது. எழுதியவர் மனோகர் சியாம் ஜோஷி. குடிகாரத் தகப்பன் பஸேசர் ராம், பொறுமையே உருவான தாய் பகவந்தி, கலியாணமாகாத மூத்த பெண் பட்கீ, சினிமா ஆசையில் வழி தவறும் நடுப்பெண் மஜ்லீ, டாக்டராக வேண்டுமென்று படிக்கும் கடைக்குட்டி சுட்கீ, புற்றுநோயில் வாடும் பாட்டி. இப்படி ஒரு குடும்பம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பழம்பெரும் நடிகர் அசோக் குமார் தோன்றிக் கதையில் எழுந்த கேள்விகளைப் பற்றி நேயர்களோடு பேசுவார்.

இந்தக் கதையின் பூர்வோத்தரம் ரஸமானது. அமெரிக்காவில் 1930களில், பகலில் வீட்டிலிருக்கும் ஸ்திரீகள் கேட்பதற்காக ரேடியோவில் தொடர் நாடகங்கள் போட்டார்கள். அவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சோப்புக் கம்பெனிக்காரர்கள். ஆகவே அந்த நாடகங்களுக்குச் 'சோப்பு நாடகம்' என்றே பரிகாசப் பெயர் ஏற்பட்டது. பரிகாசம் செய்தவர்கள் போய்விட்டார்கள், நாடகங்கள் போகவில்லை. 1937ல் ரேடியோவில் தொடங்கிய 'கைடிங் லைட்' என்ற நாடகம் 1952ல் டெலிவிஷனுக்கு மாறி 2009 செப்டம்பர் வரையில் நடந்தது. எழுபத்திரண்டு வருஷம்! பாட்டி கேட்கத் தொடங்கிய கதையைப் பேத்தி முடித்து வைத்தாள். அமெரிக்கர்கள் சோப்பு விற்பதற்குக் கண்டுபிடித்த இந்த யுக்தியை மெக்ஸிகோவில் மிகேல் சபீதோ என்பவர் 1970களில் வேறு காரியத்துக்குத் திருப்பினார். எழுத்தறிவு, குடும்பக் கட்டுப்பாடு முதலிய நல்ல விஷயங்களைத் தொடர்கதைக்குள் மறைத்துவைத்து ஜனங்களுக்குப் புகட்டினார். அதைப் பார்த்துத்தான் டில்லியில் 'ஹம் லோக்' பிறந்தது. ஆரம்பத்தில் உபதேசம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. ஜனங்கள் முகத்தைச் சுளித்தார்கள். உபதேசத்தைக் குறைத்து உப்புப் புளி காரத்தைச் சேர்த்தார்கள். நாடகம் பற்றிக்கொண்டது. அமெரிக்காவில் சோப்பு என்றால் இங்கே மாகி நூடில்ஸ். இரண்டு நிமிஷத்தில் வேகும் அந்தப் பலகாரம் நமது அடுக்களைகளில் நுழைந்தது 'ஹம் லோக்'கின் முதுகில் ஏறிக்கொண்டுதான்.

கூடத்தில் ஹிந்தி தெரிந்தவர் மாமா ஒருவரே. அவர் மொழிபெயர்த்துச் சொல்வார். ஆனால் அவருக்கு ராத்திரி டியூட்டி வரும் நாட்கள் உண்டே? அந்த நாட்களில் அத்தை அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். அத்தைக்கு ஹிந்தியில் 'அச்சா' என்ற வார்த்தை மாத்திரம் தெரியும். முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு, மீதியை ஊகித்துக் கதை சொன்னாள். மறுநாள் மாமா வந்து, "அப்படியில்லை, பெண்ணுக்கு வரன் வந்ததைப் பற்றியல்லவா பேசினார்கள்" என்றால் ஸ்திரீகள் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அத்தை சொன்ன கதையே நிலைத்தது. அத்தை சொன்ன கதையில் பட்கீக்கு மேலூர்ப் பக்கத்து மாமியார்க்காரி ஒருத்தி இருந்தாள் என்பது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது.

*

அந்த நாட்களில் டில்லிக்காரர்கள் அமெரிக்கச் சரக்கையும் கொஞ்சம் கலந்து கொடுத்தார்கள். லூஸில் பால் என்ற அம்மாளின் சிரிப்பு நாடகம் அப்படி வந்தவற்றில் ஒன்று. இந்த அம்மாள் 1951ல் தன் கணவருடன் சேர்ந்து தொடங்கிய 'ஐ லவ் லூஸி' என்ற நாடகந்தான் பின்னால் வந்த அத்தனை சிரிப்பு நாடகங்களுக்கும் கொள்ளுப்பாட்டி. அதுவரையில் அமெரிக்க டெலிவிஷனில் பெரும்பாலும் நடிக்க நடிக்க அப்படியே ஒளிபரப்பிவிடுவார்கள். நடித்ததோடு போயிற்று. இந்தத் தம்பதிகளோ மூன்று காமிராக்களை வைத்துச் சினிமாச் சுருளில் பிடித்தார்கள். எதிரில் ஜனங்களை உட்காரவைத்து நடித்தார்கள். சுருளில் இருந்ததனால் திரும்பத் திரும்பக் காட்டலாம், பிற தேசங்களுக்கும் விற்கலாம் என்று ஆயிற்று. அமெரிக்க நகைச்சுவை கடல் கடந்த ரகசியம் அவ்வளவுதான்.

ஆங்கிலமும் கூடத்தில் யாருக்கும் புரியவில்லை. ஆனால் லூஸி அம்மாள் முழிக்கிற முழி எல்லோருக்கும் புரிந்தது. அத்தைக்கு ஒரு சந்தேகம் வந்தது. "பெட்டிக்குள்ளே நாலு பேர்தானே இருக்காங்க? சிரிக்கிற சத்தம் நூறு பேர் சத்தமா கேக்குதே, யார் சிரிக்கிறது?" என்று கேட்டாள். நாம் அப்போது கல்லூரி மாணவர். எல்லாம் தெரிந்தவர் என்று நமக்கே ஓர் அபிப்பிராயம். அமெரிக்காவில் சிரிப்புக்கென்று ஓர் இயந்திரம் இருக்கிறதென்றும், 1950களில் சார்லஸ் டக்ளஸ் என்ற இஞ்சினியர் அதைச் செய்தாரென்றும், பொத்தானை அமுக்கினால் புன்சிரிப்பு, குபீர்ச் சிரிப்பு, பெண் சிரிப்பு, ஆண் சிரிப்பு எல்லாம் வருமென்றும் விளக்கினோம். லூஸியின் முதல் நாடகத்தில் சிரித்தவர்கள் நிஜமான ஜனங்கள் என்பதை நாம் தெரிந்துகொண்டது வெகு காலம் கழித்துத்தான்.

"அடப்பாவமே! சிரிக்கறதுக்குக்கூட அங்கே மனுஷா கிடைக்கலையா?" என்றாள் அத்தை. கூடத்தில் இருந்த முப்பது பேரும் சிரித்தார்கள்.

*

கோடைக்கானல் கோபுரம் வந்த பிறகு ஆண்டெனாவை நகரத்துப் பக்கமிருந்து மலைப் பக்கம் திருப்பினார்கள். தமிழ் வந்தது. 'வயலும் வாழ்வும்' வந்தது. நேயர் கடிதங்களைப் படிக்கும் 'எதிரொலி' வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக வெள்ளிக்கிழமைதோறும் 'ஒளியும் ஒலியும்' வந்தது. அரை மணி நேரம் சினிமாப் பாட்டுகள். வேறு ஒன்றுமில்லை. ஆனால் அந்த அரை மணியில் விளாங்குடித் தெருவில் ஈ காக்கை கிடையாது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுக் கோயிலுக்குப் போகிறவர்கள் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். அம்பாள் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

மேனாட்டிலும் இப்படி உண்டு. அமெரிக்காவில் எட் ஸல்லிவன் என்பவர் 1948 முதல் 1971 வரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கதம்ப நிகழ்ச்சி நடத்தினார். 1964 பிப்ரவரி 9ந் தேதி இங்கிலாந்திலிருந்து 'பீட்டில்ஸ்' என்ற நான்கு வாலிபர்கள் அதில் வந்து பாடியபோது ஏழு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் பார்த்தார்களாம். ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே பாடகர்கள் மேடைக்கு வந்தார்கள். நமக்கோ பாட்டு என்றால் சினிமாச் சுருளிலிருந்து வெட்டி எடுத்ததுதான். பாடியவர் முகம் தெரியாது, வாயசைத்தவர் முகம் தெரியும். பக்கத்துப் பரவையிலே முனியம்மா என்ற அம்மாள் கிராமத்துப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார். அவரை நாடறியச் செய்தது 2003ல் வந்த 'தூள்' என்னும் சினிமா. அதற்குப் பிறகுதான் டெலிவிஷன்காரர்கள் அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். கிராமத்துச் சமையல்கூடச் செய்து காட்டச் சொன்னார்கள். 2020ல் அவர் காலமானார். விளாங்குடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த குரல் விளாங்குடிப் பெட்டிக்குள் வர அத்தனை வருஷம் சுற்ற வேண்டியிருந்தது!

1987 ஜனவரி 25ந் தேதி ராமாயணம் ஆரம்பித்ததையும், ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டிக்கு மாலை போட்டதையும் விஸ்தரிக்கப் போவதில்லை. அதை எல்லோரும் எழுதியாயிற்று. 1993 தமிழ் வருஷப் பிறப்பன்று சன் டி.வி. தொடங்கியது; கேபிள் கம்பி தெருத் தெருவாக ஓடியது. ஸ்டார் நிறுவனத்தார் 'போல்டு அண்டு தி பியூட்டிபுல்' முதலான அசல் அமெரிக்கச் சோப்பு நாடகங்களை இறக்குமதி செய்தார்கள். அதில் யார் யாருக்குக் கணவன் என்பதை விளாங்குடியால் கணக்கு வைத்துக்கொள்ள முடியவில்லை. தமிழில் அதைவிடச் சாமர்த்தியமாகச் செய்ய ஆட்கள் வந்துவிட்டார்கள். மதுரைவாசியாக இருந்து 2024ல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'மர்ம தேசம்' குழந்தைகளைப் போர்வைக்குள் நடுங்க வைத்தது. 1999ல் ராதிகாவின் 'சித்தி'யும், 2002ல் திருமுருகனின் 'மெட்டி ஒலி'யும் வந்தபோது சாயங்காலச் சமையல் பகலிலேயே முடிந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சாலமன் பாப்பையா அவர்கள் பண்டிகை நாள் பட்டிமன்றங்களில் மதுரைப் பேச்சை நாடு முழுவதும் கேட்கச் செய்தார். அமெரிக்கக் கல்லூரி, மதுரைத் தமிழ், உலகமெங்கும் சிரிப்பு! இந்தச் சிரிப்புக்கு இயந்திரம் வேண்டியிருக்கவில்லை.

2006 செப்டம்பர் 15ந் தேதி அரசாங்கம் இலவச வர்ணப் பெட்டி கொடுக்கத் தொடங்கியது. ஒன்றரைக் கோடிப் பெட்டிகளுக்கு மேல் கொடுத்தார்கள். இலவசம் சரியா தப்பா என்று பத்திரிகைகளில் வாதம் நடந்தது. அந்த வாதத்தில் நாமும் கலந்துகொண்டு, கூடாது என்று கட்சி பேசினோம். அப்போது அத்தையிடம் இதைச் சொன்னபோது அவள் ஒன்றும் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது இந்தத் தடவைதான் தெரிந்தது.

*

மாடியிலிருந்து இறங்கி வந்து, "கம்பி நேராகத்தான் இருக்கிறது அத்தை. ஆனால் அது எதற்கு இனிமேல்? கோபுரத்து ஒளிபரப்புகளைப் பெரும்பாலும் 2022 மார்ச்சுக்குள்ளேயே நிறுத்திவிட்டார்கள். சென்னை நிலையத்துக்குப் பொதிகை என்று வைத்திருந்த பெயரைக்கூட 2024ல் டி.டி. தமிழ் என்று மாற்றியாயிற்று. பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாமே" என்றோம். இதிலிருந்து ஆரம்பித்து வீட்டு விஷயத்துக்கு வந்துவிடலாம் என்பது நமது ராஜதந்திரம்.

அத்தை கூடத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். மரக் கதவு, இரும்புக் கம்பி.

"ஹம் லோக்னா என்ன அர்த்தம்னு உங்க மாமாகிட்ட ஒரு பொண்ணு கேட்டாளே, உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

நமக்கு ஞாபகமில்லை. அத்தை சொன்னாள். அந்தத் தெருவைக் கூட்டிய அம்மாளுக்கு ஒரு மகள் இருந்தாள். பத்து வயது இருக்கும். உள்ளே ஜமக்காளத்தில் முப்பது பேர் என்று முன்னே எழுதினோமல்லவா? அந்தக் கணக்கில் அவள் சேர்த்தியில்லை. வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சுவரில் நீட்டிய கல்லில் கால் வைத்து ஏறி நின்று பார்ப்பாள். யாரும் போகச் சொன்னதில்லை. யாரும் வரச் சொன்னதுமில்லை. ஒரு நாள் அங்கிருந்தபடியே அவள் கேட்டாள். ஹிந்தி தெரிந்தவராயிற்றே என்று மாமாவும் சந்தோஷமாகப் பதில் சொன்னார்: "ஹம் லோக் என்றால் நாங்கள் என்று அர்த்தம்."

"நாமன்னும் சொல்லலாம்தானே? அந்தப் பாஷையிலே ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான்னு அவரே பின்னாடி சொன்னார்" என்றாள் அத்தை.

அது 1985ம் வருஷத்து ஐப்பசி. மழைக்காலம். ஒரு ராத்திரி நாடகம் நடந்துகொண்டிருந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. சாரல் உள்ளே அடித்தது. பெட்டி நனைந்துவிடும் என்று மாமா எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்தினார். கம்பியிலிருந்து கையை எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் சாத்தினார், பாவம், கெட்ட மனுஷர் அல்ல. வாசல் கதவு திறந்துதான் இருந்தது. "உள்ளே வா" என்று சொல்ல வாயெடுத்தாளாம் அத்தை. கூடத்தில் இருந்தவர்கள் முகத்தைப் பார்த்தாள். வார்த்தை வரவில்லை. மழை விட்டபிறகு ஜன்னலைத் திறந்தபோது பெண் இல்லை. அதற்குப் பிறகு அவள் வரவுமில்லை. கொஞ்ச நாளில் அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது.

"காந்தி படம் மாட்டியிருந்த கூடம்" என்றாள் அத்தை. "அவளுக்கும் இப்ப அம்பது வயசு ஆகியிருக்கும். பேர் என்னன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறேன். வரமாட்டேங்குது. பஸேசர் ராம் பேர் ஞாபகம் இருக்கு, பகவந்தி பேர் ஞாபகம் இருக்கு. இது வரலை. கவர்மெண்டு பெட்டி குடுத்தப்போ, அவ வீட்டுக்கும் ஒண்ணு போயிருக்கும், இனிமே எவ வீட்டு ஜன்னலிலேயும் தொங்கவேண்டாம்னு நினைச்சுக்கிட்டேன். நீ அப்ப வந்து இலவசம் தப்புன்னு பேசினே."

நாம் காலி டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தோம்.

*

சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஓர் இளம் பெண், இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு குழந்தை. தெருக்கோடியில் எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்கு மாளிகையில் வேலை செய்ய வந்த பீஹார்க் கொத்தனாரின் மனைவி. தகரக் கொட்டகையில் குடியிருக்கிறார்கள். அத்தை, "வாம்மா" என்றாள். அவள், "நமஸ்தே அம்மா" என்றாள். அத்தைக்கு இன்றைக்கும் ஹிந்தியில் 'அச்சா'தான் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தமிழில் 'சாப்பாடு', 'தண்ணி', 'எவ்வளவு' என்ற மூன்று வார்த்தைகள்.

ஜமக்காளம் விரித்தாயிற்று. சுவரில் தட்டையாக மாட்டியிருந்த புதுப் பெட்டியில் தமிழ் சீரியல் ஆரம்பமாயிற்று. மாமியார் என்னவோ சதி செய்கிறாள். மருமகள் கதவோரம் நின்று கண்ணீர் விடுகிறாள். பீஹார்ப் பெண் திரும்பி அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அத்தை இரண்டு கைகளாலும் ஏதோ பெட்டியைத் திறப்பது போலவும், நகையை எடுப்பது போலவும், புடைவைக்குள் ஒளிப்பது போலவும் அபிநயம் பிடித்தாள். "அச்சா?" என்று முடித்தாள். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "ஹாய் ராம்!" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். நாம் பார்த்த வரையில் அந்தக் காட்சியில் நகை எதுவும் வரவில்லை. அதைச் சொல்ல நமக்குத் தோன்றவில்லை.

பெரிய குழந்தையிடம் ஒரு பழைய கைபேசி இருந்தது. உலகத்திலுள்ள அத்தனை அமெரிக்க நாடகங்களும் இன்று அதற்குள் அடக்கம். தமிழ்க் குரலில் பேசுகிறவையும் உண்டு. அந்தக் குழந்தை அதைக் கீழே வைத்துவிட்டு அத்தையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

நமது சட்டைப்பைக்குள் டெலிபோன் அதிர்ந்தது. நியூஜெர்ஸியில் அப்போது காலை ஒன்பது மணியாகியிருக்கும். அத்தையின் குமாரர் கேட்பார், சொன்னீர்களா என்று. எடுக்கவில்லை. விளம்பரம் வந்தபோது சொல்லலாமென்று இருந்தோம். விளம்பரமும் வந்தது, சோப்பு விளம்பரந்தான். அத்தை அந்தச் சமயத்தில் அடுத்த பகுதியில் என்ன நடக்கும் என்பதைக் கையால் விளக்கிக்கொண்டிருந்தாள். குறுக்கிட முடியவில்லை.

நன்றாக இருட்டிவிட்டது. வைகைக் கரை ஊர்களுக்கு உரிய கொசுக்கூட்டம் படையெடுத்து வந்தது. கைக்குழந்தை சிணுங்கியது.

"கொசு கடிக்கிறதே அத்தை, ஜன்னலைச் சாத்தட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தோம்.

"அது இருக்கட்டும். விசிறி அந்த ஆணியிலே மாட்டியிருக்கு பார், அதை எடுத்துட்டு வந்து குழந்தைக்கு வீசு" என்றாள் அத்தை.

விசிறியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தோம்.